ஜீப் மயக்கம்

ஒரு மனிதர் செய்யாத குற்றத்தை அவர் மேல் ஏற்றினேன். முதல் தடவை தெரியாமல் ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து உண்மை தெரிந்த பிறகு அதை இறக்கி வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினேன். அவருக்கு ஜீப்பில் இருந்த இடம் போயிற்று. கூடலூரில் மலை வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஜீப்பில் இடம் போனால் வேலை போயிற்று என்று பொருள். நான் டாக்டர். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. அனுபவம் போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

என் கிளினிக் குமுளி ரோட்டில் இருந்தது. காலை ஆறு மணிக்கு ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். பின் கம்பியைப் பிடித்து நிற்பவர்களைச் சேர்ப்பதா இல்லையா என்பதிலேயே தகராறு வரும். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு அவை இறங்கி வரும். என் கிளினிக்குக் கூட்டம் வருவதும் அப்போதுதான். ஜீப் வாசலில் நிற்கும், நோயாளியை இறக்கிவிடும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

தோட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து மூச்சிலோ தோலிலோ ஏறினால் வியர்க்கும், வாந்தி வரும், எச்சில் ஒழுகும், கண்ணின் மணி ஊசிமுனை போலச் சுருங்கும், நாடி மெதுவாகும். அதற்கு மாற்று அட்ரோபின் ஊசி. என்னுடன் இருபது வருடம் வேலை பார்த்த நர்ஸ் ஒரு தட்டில் அந்த ஊசியையும் சலைன் பாட்டிலையும் நாலு மணிக்கே எடுத்து வைத்துவிடுவார். அந்தத் தட்டுக்கும் அந்த நோய்க்கும் நாங்கள் இருவரும் வைத்த பெயர் ‘ஜீப் மயக்கம்’. நோட்டிலும் அப்படித்தான் எழுதுவோம். ஜீப்பில் வந்து இறங்கினால் ஜீப் மயக்கம். எழுதுவதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏலக்காய் எடுக்கப் போகிறவர். மெலிந்த உடம்பு, உறுதியான கைகள். நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் படுக்க வைப்பதற்குள் அவரே கண் விழித்து, “விடுங்கடி, நான் என்ன பொணமா?” என்றார்.

“இப்பத்தான் ஆத்தா முழிச்சிருக்கு. இம்புட்டு நேரம் வாயத் தொறக்கல,” என்றாள் ஒருத்தி.

“ஆத்தா வாய மூடிக் கெடந்ததுக்கே சாமி கும்பிடணும்,” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். பயந்து போயிருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. உடம்பெல்லாம் வியர்வை. தோட்டத்திலேயே ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தார். ரத்த அழுத்தம் மேல் அளவு நூற்று எழுபது, கீழ் அளவு அறுபது. கண்மணியைப் பார்த்தேன், சுருங்கியிருக்கவில்லை. வாயில் எச்சில் இல்லை. நெஞ்சில் இரைச்சல் இல்லை. மூன்றும் என் முடிவுக்கு எதிரான சாட்சிகள். மூன்றையும் பார்த்தேன், நோட்டில் எழுதவும் செய்தேன். ஆனால் என் கை அதற்குள் தட்டின் பக்கம் போய்விட்டது.

இன்னொன்றையும் பார்த்தேன். அவருடைய கழுத்தின் வலது பக்கத்தில், தாடைக்குக் கீழே ஒரு துடிப்பு. சில தடவை லேசாக அசைந்தது. திடீரென்று ஒரு தடவை தவளை எகிறுவது மாதிரி எகிறியது. பிறகு மறுபடி லேசாக அசைந்தது. அதில் ஓர் ஒழுங்கும் இல்லை. ஐந்து விநாடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது என்ன என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. வெளியே ஹாரன் அடித்தது. கேள்வி போய்விட்டது.

ஊசி போட்டதும் நாடி ஐம்பதைத் தாண்டியது. அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று நினைத்தேன். மாற்று மருந்து வேலை செய்தால் அது விஷம்தானே? இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று ஒரு மருத்துவ மாணவன்கூடச் சொல்லியிருப்பான். இதயத்தின் மேல் பக்கம் தடை இருந்தால் அட்ரோபினுக்குச் சற்று நேரம் நாடி ஏறும். விஷத்துக்கும் ஏறும். ஏறியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இ.சி.ஜி. மெஷின் பக்கத்து அறையில் துணி போர்த்தி இருந்தது. நெஞ்சுவலி என்று வருபவர்களுக்குத்தான் அதை எடுப்பேன்.

இதோடு நின்றிருந்தால் தவறான நோய்க்கணிப்பு என்று மட்டும் ஆகியிருக்கும். நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வி வைத்தியத்துக்குத் தேவையே இல்லாதது.

“பூச்சி மருந்துதான். இன்னைக்கு யாரு மருந்தடிச்சது?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அவருதான் சார். எங்க ஜீப்புலதான் வாராரு,” என்று வெளியே கை காட்டினாள் ஒருத்தி. ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆளுக இருக்கிற பக்கம் பாத்து அடிக்கத் தெரியாதா அந்தாளுக்கு? உசிரு போயிருந்தா?” என்றேன், சத்தமாக.

நான் சொன்னது இவ்வளவுதான். மறுநாள் காலை அந்த ஜீப்பில் அவர் ஏறப் போனபோது பெண்கள் இறங்கி நின்றுகொண்டார்களாம். அவர் இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்களாம். டிரைவர் என்ன செய்வார்? பதினைந்து பேரை விட்டுவிட்டு ஒருவரை ஏற்றிக்கொண்டு போக முடியாது. பக்கத்து ஜீப்பும் ஏற்றவில்லை. மயங்கி விழுந்தவரின் தங்கச்சி மகள் அந்தப் பக்கத்து ஜீப்பில்தான் இருந்தாள்.

நாலைந்து நாள் கழித்து அந்த மருந்தடிப்பவர் என்னைப் பார்க்க வந்தார். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு வெவரம் கேக்கணும். அன்னைக்கு நான் மேக்காட்டுல அடிச்சேன். அவக காய் எடுத்தது கீழ ஓடைக்கரையில. எடையில ரெண்டு மேடு கெடக்கு.”

“காத்து கொண்டாந்திருக்கும்.”

“காத்து மேக்க பாத்து, அவகளுக்கு எதிர்ப்பக்கமாப் போச்சு சார். நான் கிழிசத் துணிய ஒரு கம்புல கட்டி நட்டுவச்சு, அது எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்துத்தான் அடிப்பேன். இருவது வருசமா அப்பிடித்தான். சரி, காத்துல வந்துச்சுன்னே வச்சுக்குவோம். பக்கத்துல நின்னவகளுக்கு ஏன் சார் ஒண்ணும் ஆகல?”

நல்ல கேள்வி. இப்போது நினைத்தால், அந்த மாதம் முழுவதும் என் அறையில் கேட்கப்பட்ட ஒரே மருத்துவக் கேள்வி அதுதான். ஒருவருக்கு மட்டும் ஏன்? அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். எனக்கு எரிச்சல் வந்தது.

“நீ டாக்டரா, நான் டாக்டரா?” என்றேன்.

அவர் “நீங்கதான் சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அதே பெண்ணை அவருடைய மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் இலையின் மேலேயே சாய்ந்துவிட்டார். பட்டுச்சேலையெல்லாம் சாம்பார். முகம் வெளுத்திருந்தது. நாடி முப்பத்திரண்டு. நான் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

நர்ஸ் தட்டை எடுக்கவில்லை. “சார், இன்னைக்கு ஞாயித்துக்கெழம,” என்றார். “ஜீப்பே போகல.”

ஒரு மருத்துவரின் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன வாக்கியம் இவ்வளவு பெரிய சத்தத்தோடு கேட்பது உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் மெஷினின் மேல் கிடந்த துணியை எடுத்தேன்.

தாள் ஓடி வந்தது. இ.சி.ஜி.யில் சின்ன மேடு ஒன்று வரும், அது இதயத்தின் மேலறைகள் சுருங்குவதன் அடையாளம். உடனே பின்னால் உயரமான முள் ஒன்று வரும், அது கீழறைகளுடையது. நல்ல இதயத்தில் ஒவ்வொரு மேட்டின் பின்னாலும் ஒரு முள், ஒரே இடைவெளியில். இங்கே முட்கள் மிகத் தள்ளித் தள்ளி நின்றன. மேடுகள் நிறைய இருந்தன. சில முள்ளுக்கு முன்னால், சில பின்னால், சில முள்ளுக்குள்ளேயே புதைந்து. மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, அதன் ஓரத்தைத் தாளின் மேல் வைத்து, இரண்டு மேடுகளின் இடைவெளியைப் பேனாவால் குறித்தேன். சீட்டை நகர்த்தினேன். அடுத்த மேடு குறியில் சரியாக உட்கார்ந்தது. அடுத்ததும். அடுத்ததும். மேடுகள் தங்களுக்குள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன, நிமிடத்துக்கு எண்பது. முட்களும் தங்களுக்குள் ஒழுங்காகத்தான் இருந்தன, நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. மேலேயிருந்து கீழே செய்தி கொண்டுபோகும் பாதை முழுவதும் அடைபட்டிருந்தது. முழு இதய அடைப்பு. ரத்தக் குழாய் அடைப்பு அல்ல. மின்சாரப் பாதையில் வரும் தடை.

வெட்கப்படும்படியான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயமோ குற்ற உணர்ச்சியோ அல்ல. ஆர்வம். அவருடைய கழுத்தைக் குனிந்து பார்த்தேன். அதே எகிறல். இப்போது அது என்னவென்று புரிந்தது. மேலறையும் கீழறையும் தற்செயலாக ஒரே நேரத்தில் சுருங்கும்போது, இடையிலுள்ள வால்வு மூடியிருக்கிறது. மேலறை மூடிய கதவின் மேல் அடிக்கிறது. ரத்தம் போக இடமில்லாமல் கழுத்தின் ரத்தக் குழாய்க்கு எகிறுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அது என் கண் முன்னாலேயே நடந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், முதல் ஒலி ஒரு துடிப்பில் மெல்லியதாகவும் ஒரு துடிப்பில் பீரங்கி மாதிரியும் கேட்டது. பாடத்தில் படித்த எல்லாம் அந்த உடம்பில் இருந்தது. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கப் போனபோது நர்ஸ் என் தோளைத் தொட்டார்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். நாடியை மெதுவாக்கும் பிரஷர் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், இல்லை. மாரடைப்பின் அடையாளம் தாளில் இல்லை. தாளைப் போனில் படமெடுத்து மதுரையில் எனக்குத் தெரிந்த இதய மருத்துவருக்கு அனுப்பினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைப் படுக்க வைத்து, நாடியில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மகன் கேட்டான்: “அம்மா ரெண்டு நாளா தோட்டத்துக்கே போகல சார். மருந்து வாட எங்கிட்டு வந்துச்சு?”

உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. “முதல்ல நான் தப்பாச் சொல்லிட்டேன்ப்பா” என்று ஒரு வரி போதும். நான் சொன்னது இது: “முன்னால ஒடம்புல ஏறுன மருந்து இதயத்தோட வயரைக் கெடுத்திருக்கும்.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

விஷம் ஏறியிருக்கும் நேரத்தில் இதயத்தில் தடை வருவது உண்டு. அதனால் நான் சொன்னது முழுப் பொய் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பூச்சி மருந்து மூன்று வாரம் பொறுத்திருந்து கல்யாணப் பந்தியில் ஆளைச் சாய்ப்பதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வயதில் அந்த மின்பாதை தானாகவே தேய்ந்து நார் பாய்ந்து போவது சாதாரணம் என்பதும் தெரியும்.

மறுநாள் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிட்டது. மதுரை மருத்துவர் போன் செய்து, “கரெக்டா பிடிச்சிருக்கீங்க சார். நிறையப் பேர் இதை பிட்ஸ்னு எழுதி அனுப்புவாங்க,” என்றார். நன்றி சொன்னேன். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரைப் பார்த்தாலும் கழுத்தைப் பார்ப்பேன். பஸ்ஸில், டீக்கடையில், பழனிசெட்டிபட்டியில் ஒரு துக்க வீட்டில். மயங்கி விழுந்தேன் என்று யார் வந்தாலும், ஜீப்பில் வந்தாலும் நடந்து வந்தாலும், முதலில் மெஷின். பழைய நோட்டுகளைத் திறந்து ‘ஜீப் மயக்கம்’ என்று எழுதியிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினேன். பெரும்பாலானவர்களுக்கு இதயம் நன்றாக இருந்தது. அவர்களுக்கு வந்தது உண்மையாகவே பூச்சி மருந்துதான். ஒருவருக்கு மின்பாதையில் லேசான தாமதம். வருடம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். ஒரு பெரியவர் இறந்து போயிருந்தார். ஓடையில் விழுந்து என்றார்கள். கால் வழுக்கி விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா? நோட்டில் அவர் பேருக்கு நேராக நாடி நாற்பது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அவர் எப்படி விழுந்தார் என்பது இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

நோயாளிகளை இப்படித் தேடினேனே தவிர, அந்த மருந்தடிப்பவரைத் தேடவில்லை. அவர் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். வேலை கிடைத்துவிட்டதல்லவா என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். என் மனசாட்சி உந்த, அவரைப் போய்ப் பார்த்தேன் என்று இங்கே எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, அந்தப் பெண் மதுரையில் பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போய்விட்டு நேராக என் கிளினிக்குக்கு வந்தார். இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவு ஒரு மேடு. ஜீப்பில் அது ஒரு பெரிய வேடிக்கையாகியிருந்தது. “ஆத்தாளுக்குப் பேட்டரி போட்டிருக்கு, செல்லுக்குச் சார்ஜ் ஏத்திக்கிறவா?” என்று கேட்பார்களாம். அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“டாக்டரய்யா, ஒண்ணு கேக்கணும். மதுரையில கேட்டேன், பூச்சி மருந்தாலதான இப்பிடி ஆச்சுன்னு. இல்லம்மா, இது வயசுல வாறதுன்னு சொன்னாக. நீங்க மருந்துன்னீக. எது நெசம்?”

ஒரு கணம் இரண்டையும் கலந்து ஒரு பதில் வாயில் வந்தது. அப்படிப்பட்ட பதில்கள் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். நர்ஸ் ஊசியை எடுத்து வைக்கிற சத்தம் நின்று போயிருந்தது. “அவங்க சொன்னதுதான் நெசம்,” என்றேன். “மொதல்ல எனக்குத் தெரியல. ரெண்டாந்தடவ நீங்க வந்தப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றார்.

“அய்யய்யோ. நான் அந்த மருந்தடிக்கிற மனுசன் வீட்டு வாசல்ல நின்னு மண்ணள்ளித் தூத்துனேனே!”

எனக்கு இது தெரியாது. பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு வந்த வாரம், நடக்கத் தெம்பு வந்ததும் அவர் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். தெருவில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வாசலில் தூற்றி, “என் நெஞ்சக் கெடுத்தவன் குடி வெளங்காது” என்று சாபம் விட்டிருக்கிறார். மருந்தடிப்பவரின் மனைவி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

“அவ ஏன் பேசலன்னு இப்பத்தான் தெரியுது. டாக்டர் சொல்லிட்டா அவ என்னன்னு பேசுவா?” அந்தப் பெண் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வாங்க.”

“எங்க?”

“அங்கனதான். நான் தனியாப் போயி அந்த வாசல்ல நிக்க முடியாது. நீங்க சொல்லித்தான நான் தூத்துனேன். வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். அவர் முன்னால், நான் பின்னால். மருந்தடிப்பவர் வீட்டில் மோட்டார் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார். அந்தப் பெண் வாசலில் அப்படியே குனிந்து தரையைத் தொட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்து தூக்கினாள். “எந்திரிங்கத்தே, நெஞ்சுல மிசின வச்சுக்கிட்டுக் குனியலாமா?” என்றாள். அதில் பாதி அக்கறை, பாதி குத்தல்.

நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கழுத்துத் துடிப்பு, ஞாயிற்றுக்கிழமை, மெஷின், மகன் கேட்டது, நான் சொன்னது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “அப்ப அந்தக் கழுத்து துடிச்சுச்சுன்னீகளே சார், அத அன்னைக்கே பாத்தீகளா?”

“பார்த்தேன்.”

“நான் துணியக் கட்டிட்டு, அது எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாக்காமலே மருந்த அடிச்ச மாதிரி.”

“ஆமா.”

“எழுதிக் குடுங்க,” என்றார். “இங்கன வந்து எங்கிட்டச் சொன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே.”

பையில் லெட்டர்பேட் இருந்தது. அங்கேயே பைக் சீட்டின் மேல் வைத்து எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு வந்தது இதயத்தின் மின்பாதையில் வயதினால் ஏற்பட்ட தடை என்றும், பூச்சி மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், நான் தவறுதலாக அவ்வாறு கூறியதாலும் பின்னர் தவறுதலாக அதைத் திருத்தாமல் விட்டதாலும் இவருக்கு வேலை போயிற்று என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நின்றபடியே இரண்டு தடவை படித்தார். விரலை ஓரிடத்தில் வைத்தார்.

“மொதல்ல சொன்னது தவறுதலா. சரி. பெறகு சொல்லாம விட்டதும் தவறுதலாவா சார்?”

தாளை வாங்கி, இரண்டாவது இடத்தில் இருந்த அந்த வார்த்தையை அடித்துவிட்டு, ‘தெரிந்தே’ என்று மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ சான்றிதழ் எழுதியிருக்கிறேன். நோயாளி திருத்திய சான்றிதழ் அது ஒன்றுதான். அவர் என் நோயாளியும் அல்ல.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். அப்படிச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை. காகிதம் மட்டும் போதாது என்று எனக்கே தோன்றியது. கேரியரோடு நின்ற பெண்களுக்கு முன்னால் அதை வாசித்தேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். வாசித்து முடித்தேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, “ஏன் டாக்டரே, இன்னும் எத்தன பேருக்கு இப்பிடிக் கண்ண மூடிக்கிட்டு ஊசி போட்டிருக்கீக?” என்றாள்.

“ரெண்டு பேர் இருக்கலாம். ஒருத்தர் விஷயத்துல எனக்கே தெரியல,” என்றேன்.

“அதையும் ஒரு தாள்ல எழுதி வாசிங்க, நேரமாச்சு,” என்றாள். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை; அவர்கள் அதன் பிறகு என்னிடம் வைத்தியத்துக்கு வரவில்லை. இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

டிரைவர் மருந்தடிப்பவருக்குப் போன் செய்தார். மறுநாளிலிருந்து அவருக்குப் பழைய இடம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்தப் பெண்தான். முதல் நாள் ஜீப்பில் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி அவருக்கு வெற்றிலை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். எட்டு நாள் வந்தார். ஒன்பதாம் நாள் காலை ஸ்டாண்டுக்கு வந்து, ஏறாமல், டிரைவரிடம் தான் இனி வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். திராட்சைத் தோட்டத்துக்கே போகிறாராம். ஏன் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “அன்னைக்கு நீங்க எறக்கிவிட்டீக. இன்னைக்கு நானா எறங்கிக்கிறேன். அதுக்குத்தான் ஏறுனேன்,” என்றாராம்.

இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது; கிளினிக்கை மூடி மூன்று வருடமாகிறது. கண் மங்கிவிட்டது, இ.சி.ஜி. தாளை நம்பிக்கையோடு படிக்க முடியவில்லை, அதனால் நிறுத்திக்கொண்டேன். போன மாதம் கம்பம் போகிற வழியில் பெட்ரோல் பங்கில் அவரைப் பார்த்தேன். அவராக வந்து பேசவில்லை. நான்தான் காரிலிருந்து இறங்கிப் போனேன். நலம் விசாரித்தேன். இந்தப் பருவம் திராட்சை எப்படி என்று கேட்டேன். வேறு பேச்சு இல்லாமல் போனதும், நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“எம்மேல கோபம் இருக்கா?”

“இருக்கு சார்,” என்றார். சாதாரணமாக, மணி சொல்வது போலச் சொன்னார். பைக்கை ஸ்டார்ட் செய்தவர் மறுபடி அணைத்தார்.

“அந்த அத்தே நெஞ்சுல வச்ச பேட்டரி எத்தன வருசம் வரும்?”

“எட்டு, பத்து வருஷம் வரலாம்.”

அவர் விரல் விட்டு எண்ணினார். “அப்ப இன்னும் கொஞ்ச நாள்ல மாத்தணும். அவக மறந்துருவாக. நீங்க மறந்துறாதீக,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் மகனுக்குப் போன் செய்து, அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கச் சொன்னேன்.